பெயரோடு வராதீர்கள், பார்த்ததோடு வாருங்கள்

(வலிப்பு குறித்து மக்களிடம் புழங்கும் பெயர்களைப் பற்றி, ஐயங்கார்குளம் பொதுக்கூட்டத்தில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஃபிட்ஸ், வலிப்பு, ஜன்னி, இழுப்பு, மயக்கம், வாதம். இந்த ஆறு சொற்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். என் அறைக்குள் வருகிறவர்கள் இவற்றில் ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். "டாக்டர், பையனுக்கு ஃபிட்ஸ்" என்பார் அப்பா. "இல்லீங்க, அது வெறும் மயக்கம்தான்" என்பார் அம்மா. கூட வந்த பாட்டி, "ஜன்னி கண்டுடுச்சு சாமி" என்பார். மூவரும் ஒரே பையனைத்தான் சொல்கிறார்கள், ஒரே நிகழ்ச்சியைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மூன்று சொல்லுக்கும் மூன்று வைத்தியம் இருக்கிறது. ஃபிட்ஸ் என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால் பையன் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். வெறும் மயக்கம் என்று விட்டால், வலிப்பு நோய் இருந்தும் மருந்தில்லாமல் திரிவான். ஜன்னி என்றால் எதற்கு மருந்து கொடுப்பது என்றே தெரியாது. ஏனென்றால் ஜன்னி என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு நோய்கள் குடியிருக்கின்றன. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெரிய குழப்பத்தைத் தீர்ப்போம். வலிப்பு வேறு, வலிப்பு நோய் வேறு.

நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. சிறுசிறு மின்சாரத் துடிப்புகளால்தான் அவை ஒன்றோடொன்று பேசுகின்றன. சில அணுக்கள் தூண்டும், சில அடக்கும். இந்தச் சமநிலை குலைந்து, ஒரு பகுதியிலோ மூளை முழுவதிலுமோ அணுக்கள் ஒரே நேரத்தில் அடக்கமில்லாமல் துடித்தால், அந்த ஒரு நிகழ்ச்சிக்குப் பெயர் வலிப்பு. கை கால் இழுக்கலாம், இழுக்காமலும் இருக்கலாம். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். உலகில் நூறு பேரில் பத்துப் பேருக்கு வரை வாழ்நாளில் ஒரு முறையாவது வலிப்பு வரக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்கள் எல்லாரும் வலிப்பு நோயாளிகள் அல்ல.

அப்படியானால் நோய் எது? சரியான தூண்டுதல் எதுவும் இல்லாமல் வலிப்பு திரும்பத் திரும்ப வரும் தன்மை மூளையில் தங்கிவிட்டால் அதுதான் வலிப்பு நோய். இதற்காகவே 1909ல் தொடங்கிய சர்வதேச அமைப்பு ஒன்று உண்டு, வலிப்பு நோய் எதிர்ப்பு சர்வதேசக் கழகம். அது 2014ல் மருத்துவர்களுக்கு ஒரு நடைமுறை வரையறை கொடுத்தது. தூண்டுதல் இல்லாத வலிப்பு, 24 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டு முறை வந்திருந்தால் அது நோய். ஒரே முறை வந்திருந்தாலும், அடுத்த 10 ஆண்டில் மறுபடி வரும் வாய்ப்பு 60 சதவீதத்துக்குக் குறையாது என்று ஸ்கேனும் மற்ற பரிசோதனைகளும் காட்டினால் அதுவும் நோய்தான்.

தூண்டுதல் என்று சொன்னேனே, அது என்ன? சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவருக்குச் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வரலாம். வயிற்றுப்போக்கிலோ, சில இரத்த அழுத்த மாத்திரைகளாலோ உப்புச் சத்து குறைந்து முதியவருக்கு வரலாம். தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வரலாம். பூஜை அறையில் வைத்திருந்த கற்பூரத்தைக் கற்கண்டு என்று நினைத்து விழுங்கிய குழந்தைக்கும் வரும். கற்பூரம் மூளையைத் தூண்டும் நஞ்சு, அதைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். இவர்களுக்கெல்லாம் வந்தது வலிப்புதான், வலிப்பு நோய் இல்லை. சர்க்கரையை ஏற்று, உப்பைச் சரி செய், நஞ்சை முறி. அதோடு முடிந்தது. ஆனால் யாராவது ஒருவர் சீட்டில் "ஃபிட்ஸ்" என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டால், அந்தச் சீட்டு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பயணம் செய்து, ஒரு நாள் நிகழ்ச்சி ஆயுள் முழுவதற்குமான நோயாகிவிடுகிறது.

இப்போது ஜன்னிக்கு வருவோம். அதற்குள் நான்கு நோய் என்றேன்.

முதலாவது, குழந்தைக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருகிறது. பெற்றவளுக்குக் குழந்தை கையைவிட்டுப் போய்விட்டது போல இருக்கும். ஆனால் கால் மணி நேரத்துக்குள் நின்று, உடம்பு முழுவதும் ஒரே மாதிரி வந்து, அந்த 24 மணி நேரத்தில் மறுபடி வராமல் இருந்தால், அது எளிய காய்ச்சல் வலிப்பு. மூளையைக் கெடுக்காது, படிப்பைக் கெடுக்காது. மூன்றில் ஒரு குழந்தைக்கு இன்னொரு காய்ச்சலில் திரும்பி வரலாம். வயது ஏற ஏற நின்றுவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குத் தினசரி வலிப்பு மாத்திரை தேவையே இல்லை. ஆனாலும் முதல் முறை வரும்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், மூளைக்காய்ச்சல் இல்லை என்று டாக்டர் உறுதி செய்ய வேண்டும். குழந்தை விழித்த பிறகும் சோர்ந்தே கிடந்தால், கழுத்து விறைத்தால், வாந்தி நிற்காவிட்டால், அது மூளைக்காய்ச்சலாக இருக்கக்கூடும்.

இரண்டாவது, காய்ச்சல் முற்றிப் பெரியவர்கள் பிதற்றுவது. "ஜன்னியில் என்னென்னவோ உளறுகிறார்" என்போம். இதில் இழுப்பே இல்லை. மூளை முழுவதும் கலங்கிய நிலை. கிருமி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

மூன்றாவது ரணஜன்னி. ஆணி குத்திய, மண்வெட்டி வெட்டிய புண்ணில் புகுந்த கிருமியின் நஞ்சால் தாடை இறுகி, முதுகு வில்லாக வளையும். ஆளுக்கு நினைவு கடைசி வரை இருக்கும், வலியால் துடிப்பார். உடம்பு முழுவதும் இழுக்கும் வலிப்பிலோ நினைவு போய்விடும். தடுப்பூசியால் இப்போது மிகவும் குறைந்துவிட்டது. பச்சிளம் குழந்தைகளுக்கும் பிரசவித்த தாய்மார்களுக்கும் வரும் ரணஜன்னி நாட்டின் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று 2015ல் இந்தியா அறிவித்தது. வயலில் வேலை செய்கிறவர்கள் மட்டும் ஊசியை இன்னும் மறந்துவிடக் கூடாது.

நான்காவது பிரசவ ஜன்னி. கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் ஏறி, தலைவலி, கண் மங்கல், முகமும் காலும் வீங்கல், பிறகு வலிப்பு. பிரசவம் ஆன பிறகும் வரலாம். இதற்குச் சாதாரண வலிப்பு மருந்தைவிட மெக்னீசியம் சல்பேட் ஊசிதான் சிறந்தது. ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது, தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். இதை "ஜன்னி, காற்று பட்டுவிட்டது" என்று கதவைச் சாத்திவைத்துப் பத்தியம் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இழுப்பு என்ற சொல்லும் அப்படித்தான். "குழந்தைக்கு இழுப்பு" என்று ஒருவர் சொன்னால் மூச்சு இழுப்பா, கை கால் இழுப்பா? இரண்டுக்கும் நம் ஊரில் அந்த ஒரே சொல்தான். 108க்குப் போன் செய்யும்போது, "மூச்சு வாங்குகிறது" அல்லது "கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறது" என்று முழுதாகச் சொல்லுங்கள்.

அடுத்தது மயக்கம். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் உங்கள் ஊருக்கு எழுந்தருளும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடவாவிக் கிணற்றில் இறங்கிச் சேவிக்க ஆயிரக்கணக்கில் கூட்டம். சித்திரை வெயில், விரதம், வெகுநேரம் நிற்பது. ஒரு பெண்ணுக்குக் கண் இருட்டுகிறது, காது அடைக்கிறது, வியர்க்கிறது, முகம் வெளுக்கிறது. சரிந்து விழுகிறாள். விழுந்த பிறகு கையும் காலும் சில நொடிகள் வெட்டுகின்றன. உடனே கூட்டத்தில் ஒருவர், "ஃபிட்ஸ், ஃபிட்ஸ்" என்று கத்துகிறார். அது ஃபிட்ஸ் இல்லை. மூளைக்கு இரத்தம் குறைந்ததால் வந்த மயக்கம். மயக்கத்திலும் கை கால் வெட்டும். படுக்கவைத்துக் காலைச் சற்றே உயர்த்தினால் அரை நிமிடத்தில் விழித்து, "எனக்கென்ன ஆச்சு?" என்று தெளிவாகக் கேட்பாள். ஆனால் நல்ல மனசோடு நான்கு பேர் சேர்ந்து அவளைத் தூக்கி உட்கார வைக்கிறார்கள். இரத்தம் தலைக்கு ஏறாது, வெட்டு நீளும். எனவே மயக்கம் போட்டவரைத் தூக்காதீர்கள், படுக்க விடுங்கள்.

வலிப்பில் அடையாளங்கள் வேறு. பல நேரம் எச்சரிக்கையே இருக்காது. உடம்பு விறைக்கும், நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வரும், உதடு நீலமாகும், பிறகு தாளம் போட்டது போல வெட்டும், வாயோரம் நுரை வரும், நாக்கின் பக்கவாட்டில் பல் பதியும். முக்கியமான வித்தியாசம் அதற்குப் பிறகுதான். வலிப்பு வந்தவர் உடனே தெளிய மாட்டார். கால் மணி, அரை மணி நேரம் மலங்க மலங்க விழிப்பார், தூங்குவார், உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருக்கிறது என்பார். ஒரே ஒரு எச்சரிக்கை: ஓடும்போதோ, படுத்திருக்கும்போதோ திடீரென்று மயங்கியவர், அல்லது குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் கண்டவர் என்றால், அந்த மயக்கத்தைச் சாதாரணமாக விடாமல் இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

இனி, இழுக்காத வலிப்புகள். ஆசிரியர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள்.

பாடம் எழுதிக்கொண்டிருக்கும் சிறுமி ஐந்து பத்து நொடி அப்படியே நின்றுவிடுகிறாள். கண் வெறித்திருக்கிறது, இமை படபடக்கிறது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாள். நடுவில் இரண்டு வரி விட்டுப் போயிருக்கும். ஒரு நாளைக்குப் பல தடவை இப்படி வரலாம். வகுப்பில் அவளுக்குக் "கனவு காண்கிறவள்" என்று பெயர். பழைய சீட்டுகளில் இதைப் பெட்டி மால் என்றும், உடம்பு முழுவதும் இழுப்பதைக் கிராண்ட் மால் என்றும் எழுதியிருப்பார்கள். சிறிய நோய், பெரிய நோய் என்று பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்கள் அவை. சிறியது என்றதும் பெற்றோர் சிலர் மருந்தை விட்டுவிடுவதுண்டு. இன்று அந்தப் பெயர்களை உலக மருத்துவமே கைவிட்டுவிட்டது. 2017ல் வந்த வகைப்பாட்டில் முதல் கேள்வி இதுதான்: வலிப்பு மூளையில் எங்கே தொடங்கியது? ஒரு பகுதியிலா, இரு பக்கமும் சேர்ந்தா, தெரியவில்லையா? அந்தச் சிறுமிக்கு வருவது மூளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் தொடங்குவது. என் அறையில் அவளை மூன்று நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னால், பெரும்பாலும் என் கண் முன்னாலேயே ஒரு முறை வந்துவிடும்.

வெறித்துப் பார்ப்பது எல்லாமே ஒன்றல்ல. ஒரு பெரியவர் ஓரிரு நிமிடம் வெறித்து, வாயை மென்று, சட்டைப் பொத்தானைத் திருகி, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருந்து, பிறகு குழம்பி நிற்கிறார் என்றால், அது மூளையின் ஒரு பகுதியில், பெரும்பாலும் நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் தொடங்கிய வலிப்பு. இவ்விரண்டுக்கும் மருந்து வேறு. அந்தச் சிறுமிக்குக் கார்பமசிபைன் கொடுத்தால் நோய் கூடும். பெரியவருக்கு அதே மாத்திரை நல்ல மருந்து. நீங்கள் "வெறிச்சுப் பார்த்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால், நான் எதைக் கொடுப்பது?

இன்னொன்று. பதினைந்து, பதினாறு வயதில் காலையில் எழுந்ததும் கை திடீரென்று உதறி, காபி டம்ளர் கீழே விழும், பல் துலக்கும் பிரஷ் பறக்கும். "தூக்கக் கலக்கம், பொறுப்பில்லாத பிள்ளை" என்று திட்டு விழும். பிறகு ஒரு நாள், விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டு வந்த காலையிலோ, வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழித்த மறுநாளோ, முழு வலிப்பு வந்து விழுவான். வீட்டில் எல்லாரும் முந்தின இரவைக் குற்றம் சொல்வார்கள். மாதக்கணக்கில் கை உதறிய சங்கதியை யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை, அதை நோய் என்றே யாரும் நினைக்கவில்லை. அந்த உதறல்தான் நோயின் விலாசம். சரியான மருந்தும் நேரத்துக்குத் தூக்கமும் இருந்தால் பெரும்பாலானவர்கள் நலமாக இருப்பார்கள். தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் இன்னொரு வகையும் உண்டு: தலையில் சூடான வெந்நீரைச் செம்புச் செம்பாக ஊற்றும்போது வரும் வலிப்பு. தலைமுழுகும் நாளில் மட்டும் வருவதால் பேய் பிடித்ததாக நினைத்துவிடுவார்கள். வெந்நீரை வெதுவெதுப்பாக்கினாலே பலருக்குக் குறைந்துவிடும்.

வாதம் என்ற பெயரிலும் சிக்கல் உண்டு. வலிப்பு அடங்கிய பிறகு ஒரு கையோ காலோ சில மணி நேரம் தொய்ந்து கிடக்கலாம். அது பக்கவாதம் இல்லை, களைத்துப்போன மூளை மீண்டு வருகிறது. ஆனால் உண்மையான பக்கவாதமும் வலிப்போடு தொடங்கக்கூடும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம். வீட்டில் உட்கார்ந்து எது என்று தீர்மானிக்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஓடி வாருங்கள்.

பெயர் தவறினால் ஊரே தவறான மருந்து சாப்பிடும் என்பதற்குப் பக்கத்து வேலூரிலேயே ஒரு சான்று இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யில் 1949ல் ஜேக்கப் சாண்டி என்ற மருத்துவர் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர். 1952லேயே வேலூரில் வலிப்பு நோய்க்கு மூளை அறுவை நடந்தது. பிறகு 1980களில் சி.டி. ஸ்கேன் பரவியது. வலிப்பு வந்த இளைஞர்கள் பலருடைய மூளையில் ஒரே ஒரு சின்னப் பொட்டு தெரிந்தது. காசநோய் மலிந்த நாடு, எனவே அதைக் காசநோய்க் கட்டி என்று எழுதினார்கள். மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். பொட்டு மறைந்தது. மருந்து வேலை செய்தது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

வேலூரில் வேதாந்தம் ராஜசேகரும் மேத்யூ சாண்டியும் உள்ளிட்ட குழுவினர் அந்தப் பொட்டுகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் இருந்தது காசநோய் அல்ல, நாடாப்புழுவின் இளம் பருவம் செத்து ஏற்பட்ட புண். அது தானாகவே ஆறிவிடும், காசநோய் மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். 20 மில்லிமீட்டருக்குள் ஒரே பொட்டு, தலைக்குள் அழுத்தம் இல்லை, நாளுக்கு நாள் கூடும் செயலிழப்பு இல்லை என்றால், அறுக்காமலே அதை அடையாளம் காணலாம் என்று அவர்கள் வகுத்த அளவுகோலை இன்றும் உலகம் பயன்படுத்துகிறது. பிறகு அவர்கள் வேலூர் மாவட்டத்தில் 50,000க்கும் மேற்பட்டவர்களிடம் வீடு வீடாக ஆய்வு செய்து 2006ல் வெளியிட்டார்கள். நடப்பில் வலிப்பு நோய் இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுதான் காரணம்.

இங்கேயும் ஒரு தவறான நம்பிக்கை ஒட்டிக்கொண்டது. "நாங்கள் சைவம், பன்றிக்கறி தொட்டதே இல்லை, எங்களுக்கு எப்படி?" என்று கேட்பவர்கள் அநேகம். வேகாத பன்றிக்கறி தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தில் அதன் முட்டைகள் வெளியேறும். திறந்த வெளியில் மலம் கழித்தால் அந்த முட்டை வயலுக்கும் கீரைக்கும் குடிநீருக்கும் போகும். அதைக் கழுவாத கொத்தமல்லியோடு விழுங்கியவர் மூளையில்தான் புழு உட்காருகிறது. ஆக, கறி தின்றவர் ஒருவராகவும், வலிப்பு வருகிறவர் வேறொருவராகவும் இருக்கலாம். சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், கழிவறையைப் பயன்படுத்துவதும், பச்சைக் காய்கறியை நன்றாக அலசுவதும் வலிப்பைத் தடுக்கும் வேலைதான்.

அடுத்தது கொஞ்சம் நுட்பமான விஷயம், சாமியும் பேயும். வலிப்பைத் தெய்வத்தோடு சேர்த்துப் பார்ப்பது நம்மிடம் மட்டும் இருந்த வழக்கமல்ல. ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத்தில் அதைப் புனித நோய் என்றார்கள். மற்ற நோய்களைப் போல இதுவும் உடம்பிலிருந்து, மூளையிலிருந்து வருவதே என்று ஹிப்போகிரட்டீஸ் வழிவந்த மருத்துவர் ஒருவர் அப்போதே எழுதி வைத்தார். நம் மரபில் இந்த நோய்க்கு முயலகன் என்று ஒரு பெயர். நடராஜர் காலடியில் கிடப்பவன் பெயரும் அதுவே. திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லி மழவன் மகளுக்கு வந்த முயலகன் நோயைச் சம்பந்தர் தீர்த்த கதையை, நம் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். அந்தத் தகப்பன் மகளைப் பூட்டி வைக்கவில்லை, சங்கிலி போடவில்லை, சந்நிதிக்குத் தூக்கி வந்து எல்லார் முன்னிலையிலும் கிடத்தினான். நம்மில் பலர் இன்று அதைக்கூடச் செய்வதில்லை, ஒளித்து வைக்கிறோம்.

கோயிலில் சாமி ஆடுவது நோயல்ல. அதில் கைவைக்க எனக்கு வேலையில்லை. ஆனால் கோயிலுக்கு வெளியே, மன உளைச்சலின் போது, வலிப்பு போலவே வந்து, மூளையின் மின்சாரத்தில் எந்த மாற்றமும் இல்லாத ஒரு நிலை உண்டு. கண்ணை இறுக மூடியிருப்பார்கள், தலை இப்படியும் அப்படியும் ஆடும், கூடிக் குறைந்து வெகுநேரம் நீளும். பழைய சீட்டுகளில் ஹிஸ்டீரியா என்று எழுதினார்கள். வீட்டில் "நடிக்கிறாள்" என்பார்கள். நடிப்பல்ல, அவள் கட்டுப்பாட்டில் அது இல்லை. வலிப்பு மாத்திரை இதற்கு உதவாது. மனநல ஆலோசனை உதவும். அடித்தாலும் வெங்காயத்தை மூக்கில் வைத்தாலும் கூடத்தான் செய்யும்.

இத்தனை வகை இருக்கிறதே, டாக்டர் எப்படிப் பிரித்துக் கண்டுபிடிக்கிறார்? ஸ்கேனிலா, மூளையின் மின்சாரத்தைப் பதியும் இ.இ.ஜி.யிலா? அவை உதவும். ஆனால் வலிப்பு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. இயல்பாகவே வரும். ஸ்கேனும் பலருக்குச் சுத்தமாக இருக்கும். நோயாளிக்கோ பெரும்பாலும் நடந்தது எதுவும் நினைவில் இருக்காது. ஆகவே பார்த்தவர் வாய்மொழிதான் முதல் பரிசோதனை. இந்த ஊர்க் கோயிலில் இருக்கும் சஞ்சீவிராயர், அதாவது அனுமன், என்ன செய்தார்? மூலிகையின் பெயரைச் சொல்லி அனுப்பினார்கள், எது என்று அடையாளம் தெரியவில்லை. ஏதோ ஒரு செடியைப் பிடுங்கி, இதுதான் அது என்று கொண்டு வரவில்லை. மலையோடு தூக்கி வந்து வைத்தியரிடம் வைத்துவிட்டார், பிரித்தெடுப்பது அவர் பாடு. நீங்களும் அதையே செய்யுங்கள். பெயர் உங்களுக்கு வேண்டாம், பார்த்தது மொத்தமும் எனக்கு வேண்டும்.

எதையெல்லாம் பார்ப்பது? தொடங்கும்போது என்ன செய்துகொண்டிருந்தார், நின்றாரா, படுத்திருந்தாரா, தூங்கினாரா. முந்தின இரவு தூங்கினாரா, சாப்பிட்டாரா, குடித்தாரா. முதலில் எந்தப் பக்கம் இழுத்தது, தலையும் கண்ணும் எந்தப் பக்கம் திரும்பின. கண் திறந்திருந்ததா, மூடியிருந்ததா. முகம் வெளுத்ததா, நீலமானதா. எத்தனை நிமிடம், கடிகாரத்தைப் பார்த்து. அடங்கிய பிறகு தெளிய எவ்வளவு நேரம். நாக்குக் கடி, சிறுநீர் போனது. இன்று எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ஒருவர் உதவி செய்யட்டும், ஒருவர் வீடியோ எடுக்கட்டும். அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், டாக்டரிடம் மட்டும் காட்டுங்கள்.

உதவி என்றேன், எப்படி உதவுவது? கையில் இரும்பு கொடுப்பது, சாவிக்கொத்தைத் திணிப்பது நம் சினிமாவிலிருந்து ரயில் நிலையம் வரை பரவிய பழக்கம். இரும்பு கொடுத்ததும் அடங்கிவிட்டது என்று சத்தியம் செய்வார்கள். இரும்பைத் தேடி எடுத்து வருவதற்குள் இரண்டு நிமிடம் ஆகிவிடும். வலிப்பும் அந்த இரண்டு நிமிடத்தில் தானாக அடங்கும். பெயர் இரும்புக்குப் போய்விட்டது. இரும்பால் நேரும் காயம்தான் மிச்சம். வாயில் கரண்டியோ துணியோ விரலோ வைக்காதீர்கள், பல் உடையும், மூச்சு அடைக்கும். தண்ணீர் ஊற்றாதீர்கள், கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கூர்மையான பொருளை விலக்குங்கள், தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள், இழுப்பு குறைந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமலே அடுத்தது வந்தாலோ, முதல் முறையாக வந்தாலோ, கர்ப்பிணிக்கு வந்தாலோ, தண்ணீரில் வந்தாலோ, உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, கல்யாணம். வலிப்பு நோய் மனநோயல்ல. ஆனால் 1976ல் இந்துத் திருமணச் சட்டத்தில் செய்த திருத்தம், அடிக்கடி வரும் பைத்தியத்தையும் வலிப்பு நோயையும் ஒரே வரியில் சேர்த்து எழுதியது. அந்த ஒரு வரியைக் காட்டி எத்தனையோ பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1970ல் தொடங்கிய இந்திய வலிப்பு நோய்ச் சங்கத்தார் பல ஆண்டுகள் வாதாடிய பிறகு, 1999ல் நாடாளுமன்றம் வலிப்பு நோய் என்ற சொல்லை அங்கிருந்து நீக்கியது. சட்டம் மாறி இத்தனை காலமாகியும், பெண் பார்க்கும் இடத்தில் மாத்திரையை ஒளித்து வைத்து, கல்யாண வாரத்தில் அதை நிறுத்தி, கண் விழித்து, முகூர்த்தம் முடிந்த மறுநாள் வலிப்பு வருகிறது. நோயைவிட ஒளிவுதான் குடும்பத்தைக் கெடுத்தது. முன்கூட்டியே சொல்லுங்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசுங்கள். சில மாத்திரைகள், குறிப்பாக வால்ப்ரோயேட், கருவைப் பாதிக்கும். மாற்று மருந்துகள் இருக்கின்றன.

உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்துச் சரியான மருந்து கொடுத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பில்லாமல் வாழலாம். அந்த மருந்துகள் பலவும் அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கின்றன. 10 ஆண்டு வலிப்பில்லாமல் இருந்து, அதில் கடைசி 5 ஆண்டு மாத்திரையும் இல்லாமல் இருந்தவருக்கு அந்த நோய் விலகிவிட்டது என்றே சர்வதேச வரையறை சொல்கிறது. வந்த பெயர் போகவும் செய்யும் என்பதை உங்கள் வீட்டில் மாத்திரை சாப்பிடும் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

பழைய சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு பலர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவராக வாருங்கள். சீட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று நான் முதலில் படிக்கப் போவதில்லை. அன்றைக்குப் பக்கத்தில் இருந்தவர் யாரோ, அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் பேசட்டும், நான் கேட்கிறேன்.